திங்கட்கிழமைத் தண்ணீர்

எர்ணாவூரைத் தாண்டி, தார் ரோடு முடிந்து மணல் பாதை தொடங்குகிற இடத்தில், ஹென்றியின் மோட்டார் சைக்கிள் மூன்றாவது திங்கட்கிழமையாக இருமத் தொடங்கியது. நாலு இருமல், ஒரு வெடி, அதோடு சரி. கொஞ்ச தூரம் தானாக உருண்டு மணலில் நின்றுவிட்டது. ஹென்றி இறங்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு பெட்ரோல் டாங்கியையே முறைத்துப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை இது நிற்பதில்லை. புதன் நிற்பதில்லை, சனி வரைக்கும் நிற்பதில்லை. திங்கட்கிழமை மட்டும் நிற்கிறது. இஞ்சினுக்குக் கிழமை தெரியுமா? தெரியாது. அப்படியானால் கிழமை தெரிந்த எவனோ ஒருத்தன் இதில் கை வைக்கிறான்.

சந்தேகம் ஹென்றிக்குக் கூடப் பிறந்தது. பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பான், மீன் வாங்கினால் செவுளைப் பிரித்துப் பார்ப்பான், மனைவி சுட்ட தோசையையே திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்பான். அந்தக் குணத்துக்குத்தான் இப்போது சம்பளம் கிடைத்துக்கொண்டிருந்தது. எண்ணூர் உப்பளத்தில் மூட்டை எடை போடும்போது பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்க்கிற வேலை. மதியத்துக்குள் எடைச்சீட்டுகளைத் தண்டையார்பேட்டை கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும், ஆகையால் சொந்தமாக வண்டி உள்ள ஆளாக இருக்கவேண்டும் என்று முதலாளி ராசையா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பட்டாளத்துக்காரர்கள் யுத்தம் முடிந்து ஏலத்தில் தள்ளிவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஹென்றி வாங்கி வைத்திருந்தது அப்போதுதான் உதவிற்று. ஆறு வருஷம் பட்டாளத்தில் அதே மாதிரி வண்டியில் தபால் சுமந்தவன் அவன். ஓட்டத் தெரியும். நின்றுபோனால் ஓரமாக உட்கார்ந்து சிகரெட் பிடிக்கத் தெரியும். பழுதுபார்க்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அன்றைக்கு இரண்டு மைல் மணலில் தள்ளிக்கொண்டு அவன் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எடை பாதி முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எடை கிடையாதென்பதால் திங்கட்கிழமைதான் குவியல் அதிகம். ராசையாவே தராசுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர், சத்தம் போடுகிற வழக்கம் இல்லை. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், மூடி இடுப்பில் செருகினார்.

"ஹென்றி, இது மூணாவது வாரம். அடுத்த திங்களும் நீரு இப்படித் தள்ளிட்டு வந்தீருன்னா, அப்படியே தள்ளிட்டு வீட்டுக்குப் போயிரும் வே. நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

வேறு ஆள் என்றால் யார் என்று ஹென்றியின் மனசில் உடனே ஒரு முகம் ஓடியது. அந்த முகத்தை அவன் அப்போதைக்கு ஒதுக்கி வைத்தான். முதலில் மெக்கானிக்கைப் பார்த்துவிட வேண்டும்.

மெக்கானிக் காஜா மொய்தீனுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. முதல் திங்கட்கிழமை பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கரி பிடித்திருக்கிறது, பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று கார்புரேட்டருக்குள் தொங்குகிற ஊசியை ஒரு படி இறக்கினார். இரண்டாவது திங்கட்கிழமை ஊசியைப் பழைய படிக்கே ஏற்றினார். அதற்கப்புறம் காற்றுத் திருகாணியைக் கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே என்று கண்ணை மூடிக்கொண்டு திருகி, இஞ்சின் சத்தம் ஒரே சீராக வந்ததும் "சுபான் அல்லா" என்று கையை எடுத்தார். அந்த வாரம் முழுக்க வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிற்று. அதனால்தான் ஹென்றிக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. ஒரே அடியாகச் சரி செய்துவிட்டால் ஆள் திரும்பி வரமாட்டானே! பெட்ரோல் பாய்கிற துளைத் திருகாணியான நல்ல ஜெட்டைக் கழற்றிக்கொண்டு தேய்ந்ததை மாட்டி விடுகிறாரோ என்று, பாய் கழற்றியதைப் பார்த்த ஞாபகத்தில் வீட்டில் தானே கழற்றி, பித்தளை ஜெட்டின் தலையில் ஆணியால் சின்னதாக ஒரு சிலுவை கீறி வைத்தான்.

இப்போது மூன்றாவது திங்கட்கிழமை, காஜா மொய்தீன் அந்த ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சிலுவையைப் பார்த்தார். ஹென்றியைப் பார்த்தார்.

"இன்னா நைனா, என் கைக்கே மார்க் போட்டுகினு கீறியா?"

ஹென்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பாய் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எதைக் கழற்றினாலும் ஹென்றியின் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். அது கோபித்துக்கொள்வதைவிட மோசமாக இருந்தது. ஜெட்டின் துளையைச் சுற்றி மெல்லிசாக வெள்ளைப் பொருக்கு ஒன்று படிந்திருந்தது. மிதவைக் கிண்ணத்தைக் கழற்றிச் சாய்த்தார். பெட்ரோலுக்கு அடியில், அதோடு ஒட்டாமல், கண்ணாடி மணி மாதிரி இரண்டு மூன்று சொட்டுகள் உருண்டன. டாங்கியின் குழாயைத் திறந்து ஒரு குவளையில் அடிப் பெட்ரோலைப் பிடித்தார். அதிலும் அடியில் ஒரு கரண்டி அளவுக்கு அதே மணிகள்.

"தண்ணி. இதான் பேஜாரு. ஜெட்டு ஓட்டைல தண்ணி பூர்ந்துச்சின்னா பெட்ரோல வுடாது. வண்டி சூட்டுல தண்ணி காஞ்சி இந்த வெள்ளைய வுட்டுட்டுப் பூடுது."

ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார். மறுபடியும் தொட்டு, இந்தத் தடவை நிதானமாக ருசி பார்த்தார்.

"உப்பு கரிக்குது."

ஹென்றியும் தொட்டுப் பார்த்தான். பெட்ரோல் எரிச்சலுக்கு அடியில் உப்பு இருந்தது. நிச்சயமாக இருந்தது. பெட்ரோல் போடுகிற இடத்தில் தண்ணீர் கலக்கலாம், உப்புத் தண்ணீரா கலப்பான்? அவன் குடியிருக்கிற ராயபுரத்தில் உப்புத் தண்ணீருக்கு எங்கே போகவேண்டும், பத்தடி நடந்தால் கடல்.

"கடல் தண்ணிய எவனோ ஊத்திகீறான் பாய். ஞாயித்துக்கெழம என் வூட்டாண்ட வர்றவன் எவனோ அவன்தான்."

"த பாரு, தண்ணி கீதுன்னு நான் சொன்னேன். எவன் ஊத்துனான்னு காபரேட்டர் சொல்லாது" என்றார் காஜா மொய்தீன். ஹென்றி அதைக் காதில் வாங்கவில்லை. அந்த ஒரு கரண்டித் தண்ணீரைத் தைல சீசா ஒன்றில் பிடித்து, மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இப்போது அந்த முகத்தை ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னாசி அவன் மனைவி அடைக்கலமேரியின் தம்பி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், அக்காவைத் தவிர வேறு நாதியில்லை. உப்பளத்தில் ஆள் தேவை என்ற சேதியைக் கொண்டுவந்ததே அவன்தான். முதலில் தனக்காகத்தான் போய்க் கேட்டிருந்தான். வண்டியும் கொஞ்சம் இங்கிலீஷும் வேண்டும் என்று ராசையா சொன்னதும், "எங்க மச்சான் கீறாரு சார்" என்று இவன் பெயரைச் சொன்னான். எந்த மனுஷனாவது தனக்குக் கிடைக்காததை அடுத்தவனுக்குச் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுப்பானா? ஹென்றியால் நம்ப முடியவில்லை. ஞாயிறு தவறாமல் பூசை முடிந்து வந்துவிடுவான். மீன் குழம்பு ஆகிற வரைக்கும் பொதுமுற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துணி போட்டுத் துடைப்பான். டாங்கி மூடியைத் துடைத்துத் துடைத்து அதில் முகம் பார்ப்பான். போகும்போது, சனிக்கிழமை ஹென்றி உப்பளத்திலிருந்து மாதா கோயிலுக்கென்று கொண்டுவரும் வெள்ளை உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போவான். அங்கே பூசையில் சாமியாருக்குக் கூடமாட உதவி செய்வதும் அவன்தான். இத்தனை நல்லவனாக ஒருத்தன் இருப்பதே ஹென்றிக்கு உறுத்தலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பனைமரத்தொட்டிப் பக்கத்துச் சந்தில் ஐந்து குடித்தனத்துக்குப் பொதுவான முற்றம் அது. பக்கத்துக் குடித்தனத்துச் சிலுவையம்மாள் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு ஆண்கள் வலையோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னாசி வந்து, எப்போதும்போலத் தோளிலிருந்த துண்டை எடுத்து வண்டியில் கை வைத்தான்.

"கைய எடுறா" என்றான் ஹென்றி.

இன்னாசிக்கு விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும், சிரித்தான். ஹென்றி சீசாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினான். "நக்கிப் பாரு. எந்தத் தண்ணின்னு நீயே சொல்லு."

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இன்னாசியின் சிரிப்பு போய்விட்டது. "இன்னா மச்சான் இது?"

"மூணு வாரமா என் டாங்கில நீ ஊத்திகினு வர்ற கடல் தண்ணி. என் வேல போச்சின்னா ஒனக்குன்னு நென்ச்சிகினியா? நக்குறா."

அடைக்கலமேரி சோற்றுக் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் காதில் விழுந்தது கடல் தண்ணீர் என்ற வார்த்தைதான். இன்னாசி அக்காவைப் பார்க்காமல், ஐந்து குடித்தனமும் பார்த்திருக்க, சீசாவை வாங்கி விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தான். கடலோரத்தில் பிறந்தவன், தண்ணீரை ருசி பார்க்க அவனுக்கு ஒரு நொடி போதும்.

"இது கடல் தண்ணி..." என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். வாய் பாதியிலேயே நின்றது. மறுபடியும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். திரும்பி அக்காவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் மாடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தான். பிறகு சீசாவை மூடி, வண்டி சீட்டின் மேல் பதனமாக வைத்தான்.

"சரி மச்சான்" என்றான். "நான் வர்ல இனிமே."

உப்புப் பொட்டலம் எடுக்காமலே போனான். இலை போட்டிருந்தது, உட்காரவில்லை. சந்து முனை வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று சிலுவையம்மாள் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். ஹென்றிக்கு அந்தப் பாதி வாக்கியமே போதுமாக இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லையே. குற்றம் செய்யாதவன் குதிக்க மாட்டானா? அடைக்கலமேரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என் தம்பி அப்டிப்பட்டவன் இல்லீங்க. எவனோ ஆகாதவன் கடல் தண்ணிய ஊத்திட்டு அவன் மேல போட்டுகீறான். இந்த வண்டி வந்ததுலேர்ந்தே எனக்கு மன்சு சரியில்ல" என்று மூக்கைச் சிந்தினாள். அழட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஹென்றி நினைத்தான். நிஜமாகவே, அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் விடியற்காலை, குழாயடியில் ஆள் இல்லாததால் ஒரு வாளியோடு சீக்கிரமே திரும்பினான். இன்றைக்கு வண்டி நிற்காது. நிற்க வைக்கிறவன்தான் இல்லையே. முற்றத்துக்குள் நுழையப் போனவன் கதவோரம் நின்றான். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் யாரோ குனிந்திருந்தார்கள்.

அடைக்கலமேரி. தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். பெட்ரோல் டாங்கியின் மூடியைக் கழற்றி இடது கையில் வைத்திருந்தாள். வலது கையில் அந்தப் பழைய டானிக் புட்டி, மாதா படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பது, ஞாயிறுதோறும் அவள் கோயிலில் தீர்த்தம் நிரப்பிக்கொண்டு வருவது. உதடு அசைந்துகொண்டிருந்தது. புட்டியைக் கவிழ்த்தாள். கொஞ்சம் ஊற்றிவிட்டு நிறுத்தினாள், யோசித்தாள், இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மூடியைத் திருகி, அதன் மேல் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். அப்புறம் டாங்கியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவி, குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல ஓர் இடத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவள் தொட்ட இடம் ஹென்றிக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் பட்டாளத்துப் பச்சை வர்ணத்தைச் சுரண்டியபோது அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர் ஆணியால் கீறப்பட்டிருப்பதைப் பார்த்தான். கீழே ஒரு தேதியும் இருந்தது. அதை உரக்கப் படித்து, "பாவம், இவன் வூடு போய்ச் சேந்தானோ இல்லியோ" என்று வேடிக்கையாகச் சொன்னான். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, செத்தவன் வண்டியா என்கிறதுபோலப் பயத்தோடு அவனைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அடுத்த திங்கட்கிழமைதான் வண்டி முதல் தடவை நின்றது.

வாளியைச் சத்தமில்லாமல் வைத்தான். அவனுக்கு ஒன்றன் பின் ஒன்றாகப் புரிந்துகொண்டு வந்தது. சாமியார் தீர்த்தத்தை மந்திரிக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுவார். அந்த உப்பைத் தட்டில் வைத்து எடுத்துக் கொடுப்பவன் இன்னாசி. அந்த உப்பு, ஹென்றி உப்பளத்திலிருந்து கொண்டுவரும் உப்பு. நாக்கில் வைத்த கணமே இன்னாசிக்குத் தெரிந்திருக்கிறது. இது கடல் தண்ணி இல்ல என்று அவன் வாக்கியத்தை முடித்திருந்தால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால் முடிக்கவில்லை.

அவளிடம் சொல்லிவிடலாம். சொன்னால், தன் தம்பியை ஐந்து குடித்தனத்துக்கு முன்னால் தலைகுனிய வைத்தது தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதைத் தாங்குகிற ஆள் இல்லை அவள். ஹென்றி காப்பியைக் குடித்தான், "வர்றேன்" என்றான், வண்டியைத் தள்ளிக்கொண்டே சந்தைத் தாண்டினான். கல்மண்டபத்துப் பக்கம் ஓர் ஓரமாக நிறுத்தி, பாய் தன் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தான். டாங்கிக் குழாயைத் திறந்து, ரேஷன் கூப்பனுக்கு அளந்து கிடைத்த பெட்ரோல் என்றும் பார்க்காமல், அடியை வழிய விட்டான். மிதவைக் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தான். ஜெட்டை ஊதினான். அதன் தலையில் அவன் கீறிய சிலுவை அப்படியே இருந்தது. உள்ளங்கையில் தங்கிய சொட்டுகளைச் சட்டையில் துடைக்கப் போய், துடைக்க முடியாமல், காய்கிற வரைக்கும் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஆறரைக்கு அவன் தராசுப் பக்கத்தில் இருந்தான். ராசையா கடிகாரத்தைப் பார்த்து, "ம், பரவால்லயே" என்றார். வேலை நிலைத்துவிட்டது. அன்றைக்கு ஒரு மூட்டையில் இரண்டு ராத்தல் குறைந்ததைக்கூட ஹென்றி கவனிக்கவில்லை, தராசுக்காரனே சொல்லித் திருத்தினான்.

மதியம் கிடங்கில் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு நேரே துறைமுக வாசலுக்குப் போனான். சாப்பாட்டுக்கு வெளியே வந்த கூட்டத்தில் இன்னாசி தலையில் சும்மாடோடு தனியாக வந்தான். ஹென்றியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். கால்கள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கிட்ட வந்தன.

"அக்கா இன்னிக்கும் ஊத்திச்சா?" என்றான்.

"ஊத்திச்சி. கொஞ்சம் கூடுதலாவே ஊத்திச்சி."

"அதாண்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத." இன்னாசி சும்மாட்டை எடுத்து உதறினான். "காலைல சோறு எறங்குச்சா அதுக்கு?"

ஹென்றி சீட்டிலிருந்து இறங்கினான். தன்னை ஏசுவான், அடிப்பான், அதற்கெல்லாம் தயாராக வந்திருந்தான். இதற்குத் தயாராக இல்லை. "நான் பாவி, இன்னாசி. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாடா" என்றான்.

இன்னாசி துறைமுகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு எல்லார் எதிர்லயும் நக்கச் சொன்ன மச்சான். இன்னிக்குத் தனியா வந்து கூப்புடுற. நான் வந்தா அந்த வூட்டாளுங்க இன்னா நெனைப்பாங்க? திருட்டுப் பய, சோத்துக்காக மறுபடியும் வந்துட்டாம்பாங்க. இல்ல, அவன் செய்யலன்னு நீ எல்லார் எதிர்லயும் சொல்வியா? சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்கள்ல?"

பழக்கதோஷம், இன்னாசியின் கை தோளிலிருந்த துண்டை எடுத்து டாங்கி மூடியில் ஒரு சுற்றுச் சுற்றியது. பாதியில் அதைத் தானே கவனித்து, கையை எடுத்துக்கொண்டான்.

ஹென்றி சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போனது, கடற்காற்றில் நசநசத்துக் காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. "கோயிலுக்கு" என்றான்.

துறைமுகச் சங்கு ஊதியது. கூட்டம் திரும்ப உள்ளே போகத் தொடங்கிற்று. இன்னாசி சும்மாட்டைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீட்டியிருந்த பொட்டலத்தைப் பார்த்தபடி நின்றான். கிழிந்த ஓரத்திலிருந்து உப்பு ஒவ்வொரு கல்லாக டாங்கியின் மேல் விழுந்து, அவன் துடைத்து வைத்த மூடியைச் சுற்றித் தங்கிக்கொண்டிருந்தது.